வெள்ளி இமைகள்

எழுபதுகளில் ஆண்கள் முகமெல்லாம் மினுமினுப்புப் பூசிக்கொண்டு பாடிய கிளாம் ரொக் பாட்டு ஒன்று, அதே சின்ன இசைத்தட்டாக மறுபடி வெளிவந்த நாள். ஒஸ்லோவில் இசைத்தட்டுக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பஸ் சாரதிச் சீருடையில் இருந்த தமிழர். வயது அறுபது இருக்கும். கால் தாளம் போட்டபடியே இருந்தது. அவர் கண்ணை மூடியபோதுதான் கவனித்தேன்: இரண்டு இமையிலும் வெள்ளிப் பூச்சு.

"அண்ணை, இதோடையோ பஸ் ஓடுறனீங்கள்?"

"ஓம். கண் திறந்திருக்கேக்கை ஆருக்குத் தெரியும்?"

அவருடைய முறை வந்தபோது ஒரே ஒரு தட்டுத்தான் மிச்சம். நான் எட்டிப் பார்த்தேன். அவர் திரும்பினார்.

"தங்கச்சி, வீட்டிலை தட்டுப் போடுற பிளேயர் இருக்கோ?"

"இனித்தான் வாங்கவேணும்."

"அப்ப முதல் அதை வாங்குங்கோ." தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

அடுத்த கிழமை நகரின் கிழக்குப் பக்கம், புருசெத்தில் நான் ஏறிய பஸ்ஸை அவர்தான் ஓட்டினார். "பிளேயர் வாங்கிட்டன், அண்ணை," என்றேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. சிவப்பு விளக்கில் பஸ் நின்றபோது, கண்ணாடியில் என்னைப் பார்த்து இரண்டு கண்களையும் மெதுவாக மூடித் திறந்தார்.

பஸ் நிறையச் சனம். மின்னியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.