துருப்பிடித்த மூக்கு

பழுதாய்ப்போன பருப்பை வீட்டாருக்குப் பரிமாறிய நாளிலிருந்து இதைத் தொடங்குகிறேன். முதல் நாள் ஆக்கிய பருப்பு அது. காலையில் சூடுகாட்டி மூடி வைத்து, பகல் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்தேன். என் கணவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு வந்து உட்கார்ந்த மகள் ஒரு கரண்டி அள்ளியவள், அதை அப்படியே சட்டியில் திருப்பி ஊற்றினாள்.

"உம்மா, இது பழுதாப் பெய்த்து. ஒங்களுக்கு மணக்கல்லயா?" என்றாள்.

அதற்குள் அவர் பாதிச் சோற்றை முடித்திருந்தார். கொஞ்சம் புளிப்புத்தான், பெரிய குற்றமில்லை என்று சொல்லி மீதியையும் சாப்பிட்டார். எனக்கு வந்த கோபமெல்லாம் அவர்மேல்தான் வந்தது. தெரிந்துகொண்டே தின்ற மனிதனை என்ன செய்வது? அன்று முழுவதும் அவரோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. உண்மையில் நான் பயந்துபோயிருந்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நான் மனைப்பொருளியல் படிப்பித்தவள். பள்ளிக்கூடத்துச் சமையல் அறையில் பிள்ளைகள் எல்லா அடுப்பையும் பற்றவைத்து நிற்கும்போது, எந்த அடுப்பில் வெந்தயம் கருகுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் மூக்கைப் பற்றியது. அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த மூக்குத்தான் ஓய்வுபெற்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என்னைக் கைவிட்டது. முதலில் சளித் தடிமன் என்றேன். பிறகு தூசு என்றேன். கடற்கரைக் காற்று, மழைக்காலம், வயது என்று ஒவ்வொன்றின் மேலும் பழியைப் போட்டேன். பருப்புக்குப் பிறகு போடுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்து, திரையில் காட்டினார்கள். இரண்டு துவாரங்களிலும் தோலுரித்த திராட்சைப் பழங்களை அடைத்து வைத்ததுபோல் இருந்தது. மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்றாள் டாக்டர். பாண்டிருப்புப் பக்கத்துப் பிள்ளை, என் மகளைவிட இளையவள். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினாள். அது எனக்குப் பிடித்திருந்தது. நோயாளிகளுக்கு ஒன்றும் விளங்காது என்று நினைக்கும் டாக்டர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

இழுக்கும் மூச்சிலிருக்கும் ஒக்சிஜனை உடம்பு பயன்படுத்தும்போது சில கழிவுகள் மிஞ்சும் என்றாள். அவை பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கக்கூடியவை. அவற்றைப் பிடித்து அடக்கும் பொருட்களும் உடம்பிலேயே உண்டு, அன்டிஒக்சிடன்ட் என்பது அவற்றைத்தான். அரிப்பு கூடி, அடக்குவது குறைந்தால் மூக்கின் உட்தோல் எந்நேரமும் வீங்கிப் புண்பட்டே கிடக்கும். மூக்கில் சதை உள்ளவர்களின் இரத்தத்தைப் பார்த்தால், அடக்கும் பொருட்கள் பெரும்பாலும் மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கின்றனவாம். குறைந்ததால் சதை வளர்ந்ததா, சதை வளர்ந்ததால் குறைந்ததா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னாள். என்னிடமும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைவாகத்தான் இருந்தது.

"இரும்பில துரு ஏறுற மாதிரி எண்டு வச்சுக்கொள்ளுங்க டீச்சர்" என்றாள் கடைசியில். எனக்கு அது தேவைப்படவில்லை. பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்த என் கணவருக்காகச் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்முனை பஸாரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். கடலிலிருந்து வரும் உப்புக்காற்று எந்தச் சைக்கிளையும் சும்மா விடுவதில்லை. வாழ்நாள் முழுக்க அவர் சண்டை பிடித்தது துருவோடுதான். வீட்டுக்கு வரும் வழியில் முச்சக்கர வண்டிக்குள் ரகசியம் சொல்வதுபோல என் பக்கம் குனிந்தார்.

"துரு எண்டா எனக்கிட்ட உடு. எத்தின சைக்கிள எழுப்பி உட்டிரிக்கன்."

அன்று தொடங்கியது. காலையில் நெல்லிக்காய், பகலில் முருங்கை இலைச் சுண்டல், பின்னேரம் கொய்யா. மாதுளம்பழத்தை உரித்து, முத்துக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு, நான் கடைசி முத்தை விழுங்கும்வரை முன்னால் இருந்து பார்ப்பார். நெல்லிக்காயில் என்ன இருக்கிறது என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட எனக்கே அதைத் திருப்பிப் படிப்பிப்பார். சாப்பாட்டால் இது மாறும் என்று டாக்டர் சொல்லவே இல்லை என்று நான் கத்துவேன். மாறாது என்றும் சொல்லவில்லையே என்பார்.

அதற்கும் மேலே ஒரு நாள் கடையிலிருந்து எண்ணெய்க் குப்பி ஒன்று கொண்டுவந்தார். சங்கிலிக்கு எண்ணெய் விடும், நீண்ட மெல்லிய மூக்குள்ள குப்பி. புத்தம் புதியது, சுடுதண்ணீரில் கழுவி எடுத்தது, உள்ளே கருஞ்சீரக எண்ணெய் என்று சத்தியம் பண்ணினார். மௌத்தென்னும் சாவைத் தவிர எல்லா வருத்தத்துக்கும் கருஞ்சீரகம் மருந்து என்று நபியவர்களின் ஹதீஸையும் துணைக்கு அழைத்தார். என்னை அண்ணாந்து படுக்கச் சொல்லி இரண்டு துவாரத்திலும் விட்டார். எண்ணெய் தொண்டைக்குள் இறங்கி நான் இருமிய இருமலில் மகள் ஓடிவந்தாள். அவர் கையில் அந்தக் குப்பியைக் கண்டதும் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. நான் சிரிக்கவில்லை. நான் என்ன சைக்கிளா என்று கேட்டேன். இப்போது நினைத்தால் அன்று கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

பழங்களை அவர் தொடுவதில்லை. தனக்குச் சீனி வியாதி என்பார். பிரஷரும் இருந்தது. தன் கிளினிக்குக்குப் போக வேண்டிய நாட்களில் அவர் அக்கரைப்பற்றுச் சந்தையில் நல்ல நெல்லிக்காய் தேடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. என் இரத்தத்தில் என்ன கூடுகிறது என்பதுதான் அவருக்குக் கவலை. டாக்டர் என்னிடம் மறுபடி இரத்தம் எடுத்த அன்று, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையைக் கேட்பதுபோல, எப்படி, கூடியிருக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

முடிவு வருமுன் அவர் மௌத்தாகிவிட்டார். பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்தவர், சேட்டைக் கழற்றிக் கொளுக்கியில் மாட்டினார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு எழுப்பப் போனேன்.

குளிப்பாட்டி வெள்ளைத் துணியால் கபனிட்ட பிறகு கடைசியாக முகம் பார்க்க என்னை விட்டார்கள். கற்பூரமும் அத்தரும் சாம்பிராணியுமாக வீடு நிறைந்திருந்ததாம், அப்படி ஒரு மணம் என்று வந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்குப் புகை கண்ணில் எரிந்தது, அவ்வளவுதான். குனிந்து அவர் நெற்றியில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. சுவரில் மூக்கை வைத்ததுபோல் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் நான் அழுவதாக நினைத்துத் தூக்கிவிட்டார்கள்.

அவருடைய மையத்தை அடக்கம் செய்ய எடுத்துப் போன பிறகு அறைக்குள் போனேன். சேட் கொளுக்கியிலேயே தொங்கியது. கழுத்துப் பட்டியில் வியர்வை காய்ந்த கோடு இருந்தது. டயர் ரப்பரும் கிரீஸும் சவர்க்காரமும் கலந்த மணம் அவருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருந்தது சொல்லாகத்தான், மணத்தை எத்தனை முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. மூக்கு ஒரு நாள் திறந்தால் இதில் அவர் இருப்பார் என்று நினைத்தேன். சேட்டைக் கழுவவில்லை. அந்தக் கோடு வெளியே தெரியாதபடி மடித்து, பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, என் அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு இத்தா. நான்கு மாதமும் பத்து நாளும் கணவனை இழந்தவள் வீட்டை விட்டு வெளியே போகாமல், அலங்காரமில்லாமல், மணம் பூசாமல் இருக்க வேண்டும். வீடு என் சீதனவீடு, முன்பக்கத்தில் மகளின் குடும்பம், பின்னறையில் நான். வாசனைச் சவர்க்காரத்தை எடுத்து ஒளித்தார்கள், பவுடரை எடுத்தார்கள். அத்தர் பூசி வந்த ஒரு மச்சியை என் நாத்தனார் வாசலிலேயே நிறுத்தி ஏசினாள். எனக்கு எது மணந்தால் என்ன, மணக்காவிட்டால் என்ன என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இந்த மூக்குக்கு இத்தா எப்போதோ தொடங்கிவிட்டது, அது முடியும் நாள்தான் யாருக்கும் தெரியவில்லை.

சதையை வெட்டி எடுக்கும் ஓப்பரேசனுக்கு டாக்டர் தந்திருந்த திகதி அந்த மாதங்களுக்குள் வந்தது. வைத்தியத்துக்காகப் போகலாம், மார்க்கம் தடுக்கவில்லை என்று மௌலவி மகளிடம் சொல்லியிருந்தார். போகமாட்டேன் என்றது நான்தான். அவர் இல்லாமல் அந்த ஆஸ்பத்திரி வாங்கில் போய் உட்கார எனக்குத் தெம்பில்லை. மார்க்கத்தைச் சாட்டிவிட்டேன்.

இத்தா முடிந்து முதன்முதலில் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த இரண்டாவது இரத்தத்தின் முடிவைச் சொன்னாள். கூடியிருந்தது. சாதாரண ஆட்களுக்கு இருக்கும் அளவுக்கே வந்திருந்தது.

"அப்ப சதை?" என்று கேட்டேன்.

மறுபடி குழாய் விட்டுப் பார்த்தாள். சதை முன்பைவிடப் பெருத்திருந்தது. இரத்தத்தில் கூடினால் மூக்கில் குறையும் என்று இல்லை டீச்சர், அதை நாங்கள் ஆரம்பத்திலேயே நிச்சயமாகச் சொல்லவில்லை என்றாள் மெதுவாக. அவள் சொன்னது சரி. ஆனால் அவர் தோற்றுப்போனார் என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. நெல்லிக்காய் என் இரத்தம்வரை போய்ச் சேர்ந்திருந்தது. அந்தச் செய்தியைக் கேட்க அவர் இருந்திருந்தால், ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார்.

ஓப்பரேசனுக்கு முன்னர் வீக்கம் வற்ற ஸ்டீரொய்ட் குளிசை கொடுத்தாள். இதைப் போடும்போது மணம் சிலநேரம் திரும்பி வரும், குளிசை முடிந்தால் மறுபடி போய்விடவும் கூடும், நம்பி ஏமாற வேண்டாம் என்று எச்சரித்தாள். கூடுதல் நாட்களுக்குத் தர முடியாத மருந்தாம். வெட்டி எடுத்தாலும் சதை திரும்ப வளரும் ஆட்கள் உண்டு என்பதையும் அவள் மறைக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை, அடுப்படிப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று வந்து என்னைத் தொட்டது. என்னவென்று பிடிபட நேரமெடுத்தது. வெங்காயம். மகள் எண்ணெயில் வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அடுப்புக்கு முன்னால் நின்றேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு, என்ன உம்மா என்று பதறினாள். வெங்காயம் என்றேன்.

அறைக் கதவைச் சாத்தினேன். அலுமாரியைத் திறந்து, பையின் முடிச்சை அவிழ்த்து, சேட்டை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்து, மூச்சு உள்ளவரை இழுத்தேன்.

பூச்சி உருண்டை. அது மட்டும்தான்.

பைக்குள் பார்த்தேன். அடியில் கரைந்து சிறுத்துப்போய்க் கிடந்தன. அன்று நானே போட்டவை. "துணிகளைப் பேணல்" என்ற பாடத்தை எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன். நெடுநாள் வைக்கும் உடுப்புக்குப் பூச்சி உருண்டை வைத்துக் காற்றுப்புகாமல் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த கை, அவருடைய சேட் என்றும் பார்க்காமல் பழக்கத்தில் செய்துவிட்டது. மூக்குள்ள யாராக இருந்தாலும் பையைக் கட்டுமுன்னரே தெரிந்திருக்கும். எனக்கு அது வெறும் வெள்ளை உருண்டை. அவரைப் பத்திரமாக வைப்பதாக நினைத்து மாதக்கணக்கில் நானே அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகளைக் கூப்பிட்டு நீட்டினேன். வாப்பாவின் மணம் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் நெடுநேரம் முகத்தைப் புதைத்து வைத்திருந்தாள்.

"இரிக்கி உம்மா" என்றாள். "கொலர்ல இரிக்கி."

கழுத்துப் பட்டியை வாங்கி மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தேன். எனக்கு இல்லை. அவள் மூக்கு நல்ல மூக்கு. எனக்காகச் சொன்னாளா, உண்மையைத்தான் சொன்னாளா என்பதை நான் கேட்கவில்லை.

சேட்டை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். காற்றுப் பட்டுப் பூச்சி உருண்டையின் மணம் போகட்டும், அதற்கு அடியில் அவர் இருந்தால் மேலே வரட்டும் என்று. குளிசைகள் முடியும் தறுவாயில் இருந்தன. ஒவ்வொரு நாளும் எழும்பியதும் முதல் வேலை அந்தச் சேட்டில் முகம் வைப்பதுதான். நாளுக்கு நாள் பூச்சி உருண்டையின் மணம் குறைந்துகொண்டு வந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது. குளிசை முடிந்த பிறகும் அப்படியே பார்த்துவந்தேன். பிறகு மிக மெல்லியதாகத்தான் மிஞ்சியிருந்தது.

இன்று காலை பார்த்தேன். பூச்சி உருண்டை சுத்தமாகப் போயிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். கழுத்துப் பட்டியைத் தேடிப் பிடித்து மூக்கில் வைத்தேன். அந்த நேரம் அடுப்படியில் மகள் சட்டியில் வெங்காயத்தைப் போட்டாள். சுர்ரென்று சத்தம் கேட்டது. சேட்டைப் பிடித்தபடி கதவைத் திறந்துகொண்டு நின்றேன். சத்தம் மட்டும்தான் வந்தது.