ஹசல் அலுமாரிக்குள்ளை

ஒரு ரோல்ஸுக்காக ரெண்டு அலுமாரிக்கு நடுவிலை நசிஞ்சு நிண்ட ஆள் நான். அதுவும் அம்பது தாண்டின வயசிலை.

காஞ்ச செடியளைத் தாளிலை ஒட்டி வைச்சிருக்கிற காப்பகம் ஒண்டிலை எனக்குத் தற்காலிக வேலை. தாளைப் படமெடுத்து, ஆர் எங்கை பிடுங்கினது எண்ட குறிப்பைக் கொம்பியூட்டரிலை ஏத்திறது. அந்தக் கிழமை ஹசல். சொக்கிளேற்றுக்கை போடுற கொட்டையின்ரை பத்தை. எல்லாம் ஒரு வனவிலங்குச் சரணாலயத்திலை பிடுங்கினது. என்ரை வேலையை நிரந்தரமாக்கிறதோ இல்லையோ எண்டு மேலாளர் வெள்ளிக்கிழமை சொல்லவேணும்.

சாப்பாட்டு அறையிலை வெள்ளைக்காரர் எல்லாரும் பாணும் பிறவுண் சீஸும். நான் மனுசி சுத்தித்தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸை எடுத்தா யன்னலைத் திறப்பினம். ஒண்டும் சொல்லமாட்டினம், சிரிச்சுக்கொண்டு திறப்பினம். அதாலை அண்டைக்கு ஒரு ஹசல் தாளைச் சாட்டுக்குக் கையிலை எடுத்துக்கொண்டு, அலுமாரியளுக்கு நடுவிலை போய் நிண்டு சாப்பிட்டன். அங்கை சாப்பாடு கூடவே கூடாது. பூச்சி வந்தா இலையெல்லாம் போச்சு.

அந்த அலுமாரியள் தண்டவாளத்திலை நிக்கிறவை, பக்கத்துச் சில்லைச் சுத்தினா நகந்து இடைவெளி மூடும். சுத்த முதல் உள்ளை ஆர் எண்டு கேக்கவேணும். மேலாளர் கேட்டவா. என்ரை வாய் நிறைய ரோல்ஸ். பேசாமல் நிண்டன். அலுமாரி வந்து வயித்திலை முட்டி நிண்டுது. அவ சில்லைப் பூட்டிப்போட்டுப் போயிட்டா.

ஃபோன் மேசையிலை. கத்தினா வேலை போகும், கத்தாட்டி மூச்சுப் போகும். தாளிலை "பாதையோரம், நிழல், காய் பழுக்கேல்லை" எண்டு இருந்துது. அந்த இலையையும் அமத்தித்தான் வைச்சிருந்தவை, ஆனா கவனமா. பிறகு லைற் நிண்டுது. ஆள் அசைஞ்சாத்தான் அது எரியும். விரலை ஆட்டிப் பாத்தன். அதுக்கு நான் ஆளாத் தெரியேல்லை.

கடைசியிலை பூட்டைத் திறந்து சில்லைச் சுத்தினது, இதே ஹசலைப் பாக்கச் சென்னையிலை இருந்து வந்த ஆராய்ச்சிப் பிள்ளை.

"அண்ணா, உள்ள என்ன பண்றீங்க?"

"சும்மா தங்கச்சி, இலை பாக்கிறன்."

"இலையில மட்டன் வாசம் வருதே."

சிரிச்சவ, தாளிலை ரோல்ஸ் தூளைக் கண்டதும் நிப்பாட்டினா. "பூச்சி வராம இருக்க இந்த வரிசை மொத்தமும் இனி ரெண்டு வாரம் ஃப்ரீசருக்குப் போகணும்ணா. நான் ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கிளம்பறேன்."

"நானே போய்ச் சொல்லுறன்" எண்டன். விடுங்கண்ணா எண்டு அவ சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். சொல்லேல்லை.

போய்ச் சொன்னன். மேலாளர் கடைசிமட்டும் கேட்டா.

"தூளைத் தட்டலாம், தாளை உறைய வைக்கலாம்" எண்டா. "உள்ளை ஆர் எண்டு கேக்கேக்கை பேசாமல் நிக்கிற ஆளை நான் வைச்சிருக்கேலாது."