வழுக்கி விழுந்தவன்

கபுவா நகரத்துச் சண்டை மைதானத்தில் நடுவர் கம்பு பிடித்து நிற்கும் டோனாட்டஸுக்கு, மேலே உட்கார்ந்திருக்கும் ஜனங்களைக் கண்டாலே குமட்டும். வறுத்த கொண்டைக்கடலையைக் கொறித்துக்கொண்டே “குடலை உருவுடா” என்று கத்துவார்கள். நாற்றம் மூக்கில் ஏறினால் குங்குமப்பூத் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். ரத்தமும் வாசனையும் கலந்த அந்த வாடையால், பன்னிரண்டு வருஷமாக எதைத் தின்றாலும் அவனுக்கு ஒட்டவில்லை.

முன்பு அவனும் சண்டைக்காரன்தான், விரட்டி வகை. வலையும் முக்கூர் ஈட்டியும் ஏந்திய வலைக்காரனோடு மோதவிடுவதற்கென்றே பழக்கிய ஆட்கள் இவர்கள். பெரிய கேடயம், குட்டை வாள், முகம் மூடிய வெண்கலத் தலைக்கவசம். வலை சிக்கக்கூடாது என்று கவசத்தை மொழுமொழுவென்று அடித்திருப்பார்கள். முக்கூர் ஈட்டி நுழையக்கூடாது என்று கண்ணுக்கு இரண்டே பொட்டுத் துளைகள். உள்ளே மூச்சு முட்டும், காதில் சொந்த மூச்சைத் தவிர எதுவும் விழாது. வலைக்காரனுக்கோ தலையில் கவசமே கிடையாது. ஓடி ஓடி இவனை இரைக்க வைத்துவிட்டுக் குத்துவதுதான் அவன் வித்தை. டோனாட்டஸ் பத்தொன்பது சண்டை பிழைத்து, விடுதலைக்கு அடையாளமான மரவாளை வாங்கி, நடுவரானான்.

நடுவர் வாயில் ஒரு தீர்ப்பு உண்டு. விழுந்தவன் அடிபட்டு விழுந்தானா, வழுக்கி விழுந்தானா? அடிபட்டவன் தோற்றவன், அவன் உயிர் விழா நடத்துகிறவர் கையில். வழுக்கியவன் எழுந்து மறுபடி மோதலாம். மற்றவர்களுக்கு வாயால் சொன்னால் போதும். கவசத்துக்குள் காது கேட்காத விரட்டிக்கு மட்டும், சண்டை தொடர்கிறது என்று கேடயத்தில் கம்பால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும்.

அன்று காலை, விழா நடத்திய நகராட்சிப் பெரியமனிதர் வெட்டியஸ் அவனைக் கூப்பிட்டார். அத்திப்பழச் சாறு தாடையில் வழிய உட்கார்ந்திருந்தார்.

“நார்க்கிஸ் தோக்கக் கூடாதுப்பா. நாளைக்கும் அந்த வலைக்காரன் மூஞ்சியப் பாக்கத்தான் ஜனம் வருது. ஊர்ச் சுவரெல்லாம் எழுதிப் போட்டாச்சு.”

“எதுக்க வர்ற விரட்டி உர்சோ கெட்டிக்காரங்கய்யா. ஜெயிச்சிட்டான்னா?”

“ஜெயிச்சானா இல்லையான்னு நீதானேப்பா சொல்லணும். சொல்லத் தெரியலேன்னா, நாளைக்குக் கம்பு வேற ஒருத்தன் கையில இருக்கும்.”

அந்த ஒழுகும் வாயில் ஒன்று போடலாமா என்றிருந்தது டோனாட்டஸுக்கு. “சரிங்கய்யா” என்றான்.

மத்தியானம் முதலில் இறங்கிய ஜோடி, மீன் கொண்டைக் கவசக்காரனும் வளைகத்திக்காரனும், உயிரோடு திரும்பிப் போனார்கள். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. உர்சோ வந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஏ வெண்கலப் பானை, உள்ள ஆளு இருக்கா?”

“தட்டிப் பாருடா, காலியாத்தான் இருக்கும்.”

உர்சோவுக்கு எதுவும் காதில் விழவில்லை. அவன் துரத்தவும் இல்லை. மூச்சை மிச்சம் பிடித்து நடுவில் நின்றான். நார்க்கிஸ் பொறுமையிழந்து வலையை வீசினான். வலை கவசத்தில் வழுக்கி மண்ணில் விழுந்தது. அதை இழுப்பதற்குள் உர்சோ அதன் மேல் காலை வைத்து, கேடய விளிம்பால் அவன் நெஞ்சில் மோதினான். நார்க்கிஸ் மல்லாந்தான். உர்சோ அவன் தொண்டையில் வாளை வைத்தான், எடுத்தான், ஓரடி பின்வாங்கினான். கேடயத்தைத் தாழ்த்தி, உத்தரவுக்காக வெட்டியஸ் பக்கம் திரும்பி நின்றான். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் நிற்பான்.

வெட்டியஸ் டோனாட்டஸைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார்.

“வழுக்கிட்டான். எழுந்திரு” என்றான் டோனாட்டஸ்.

நார்க்கிஸுக்குக் கேட்டது. உர்சோவுக்குக் கேட்கவில்லை. கேடயம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கம்பால் தட்டினால் உர்சோ சுதாரிப்பான், இன்னொரு தரம் ஜெயிப்பான். டோனாட்டஸ் தட்டவில்லை. மறந்துபோனான் என்று சொல்லவும் வழியில்லை, அந்தக் கவசத்துக்குள் பத்தொன்பது தரம் தலையை விட்டவன் அவன்.

நார்க்கிஸ் எழுந்தான், அவன் முக்கூர் ஈட்டி உர்சோவின் விலாவுக்குக் கீழே இறங்கியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சீ, என்ன பிழைப்பு.

உர்சோவைக் கீழறைக்குத் தூக்கிப் போனார்கள். டோனாட்டஸும் பின்னால் போனான். வாசலில் ஒருவன் கிண்ணத்தோடு நின்றான். காக்காய்வலிப்புக்குச் சண்டைக்காரன் ரத்தம் நல்ல மருந்தாம்.

“சூடு ஆறுறதுக்குள்ள கிடைக்குமாங்க?”

“தள்ளிப் போய்யா. இன்னும் உசிரு இருக்கு.”

டோனாட்டஸ் கவசத்தைக் கழற்றினான். உர்சோவின் முகம் வியர்வையில் வெந்துபோயிருந்தது.

“அண்ணே, நீ ஏதாச்சும் சொன்னியா? எனக்குக் கேக்கலண்ணே.”

“இல்லடா. நான் ஒண்ணுமே சொல்லல.”

“அப்போ அந்த நாய்தான் ஏமாத்திட்டான்.” உர்சோ அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். “நல்லவேளை, நான்தான் தப்புப் பண்ணிட்டேனோன்னு நெனச்சேன். அவன விட்றாதண்ணே.”

“விட மாட்டேன்டா.”

உர்சோ அவனை நன்றியோடு பார்த்துக்கொண்டே செத்தான்.