எல்லா ட்றக்குகளும் கட்டாயம் உள்ளே வரவும்

“பள்ளிக்கூடத்திலை முதலாம் பிள்ளை எண்டால் ரோட்டும் தெரியுமோ? பேசாமல் எனக்குப் பின்னாலை வாங்கோ, அத்தான்.”

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடியின் கார்த் தரிப்பிடத்தில், ஒரு கையில் மட்டன் ரோலும் மறு கையில் புதிதாக வாங்கிய பேசும் வழிகாட்டிக் கருவியுமாக நின்று இதைச் சொன்னபோது, சற்று முன் அப்பா வண்டியை ஒரு முழம் உருட்டி நசித்த தேசிக்காய்களின் புளிப்பு மணம் தாரிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் வான் வண்டிக்கு நான்கு தேசிக்காய், அதன் பின்னால் கொளுவியிருந்த கரவனுக்கு இரண்டு.

அந்தக் கரவன், பிறம்ரன் வெயார்ஹவுசில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் ஒரு கிழமைக்கு இரவல் தந்த, சக்கரம் பூட்டிய சிறுவீடு. பின்னால் ஆடி அசைந்து வந்ததால் அம்மா அதைத் “தேர்” என்றார். வன்னியில் பதினைந்து வருடம் உழவு இயந்திரம் ஓட்டிய அப்பாவுக்கோ அது வெறும் “பெட்டி”. நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியை வரம்போரமாகப் பின்னுக்கு எடுத்தவருக்கு இதென்ன பெரிய வித்தையா?

அப்பாவுக்கு இல்லாதது எழுத்து. இரண்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவர். சிவப்பு எண்கோணம் என்றால் நிற்பார், மஞ்சள் சாய்சதுரம் என்றால் மெதுவாவார். ரொறன்ரோவின் தெருக்களை நிறத்தாலும் கடைகளாலும் பாடமாக்கி வைத்திருந்தார். நகரத்துக்கு வெளியே அந்தக் கடைகள் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். இதைப் பணிவாகச் சொல்லும் முறையை இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை. ஏழாம் வகுப்பில் படித்த அந்தக் கோடையில் தேடவும் இல்லை.

அப்பா மாமாவைப் பார்த்து, “நீ முன்னாலை போ. என்ரை பிள்ளை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பாள்” என்றார். மாமா எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் குடும்பத்தோடு புறப்பட்டுப் போனார். வடக்கே, பரி சவுண்ட் பக்கத்து ஏரிக்கரை ஒன்றில் சந்திப்பதாக ஏற்பாடு. பிந்திப் போனாலோ வழி தவறினாலோ, இனி எந்தப் பயணத்திலும் அப்பா மாமாவின் பின்விளக்கைப் பார்த்துத்தான் ஓட்டவேண்டி வரும் என்பது எங்கள் மூவருக்கும் விளங்கியிருந்தது. முன் இருக்கையில் என்னை இருத்தி, மடியில் வரைபடத்தை விரித்துத் தந்து, அப்பா சொன்ன விதி ஒன்றுதான்: “கண்ணிலை படுறதெல்லாம் வாசி. தேவையானதை நான் எடுக்கிறன்.”

வாசித்தேன். வேக எல்லைகளை, தேவாலயத்தின் ஞாயிறு உபதேசத்தை, காணாமற்போன பூனையின் பெயரை, பச்சைச் சோளம் விற்கும் பண்ணைகளை எல்லாம் உரத்த குரலில் தமிழாக்கிக்கொண்டே போனேன். பாரி நகரைத் தாண்டியதும் “உயிருள்ள புழு விற்கப்படும்” என்று ஒரு பலகை வந்தது.

“சீ, உதை ஆர் காசு குடுத்து வாங்கிறது?” என்றார் பின் இருக்கையிலிருந்து அம்மா.

“மீன் பிடிக்கிறதுக்கு” என்றார் அப்பா.

“ஊரிலை மண்ணைக் கிண்டினால் சும்மா வருமே.”

“இஞ்சை மண்ணும் ஆரோ ஒருத்தற்றை காணி” என்றார் அப்பா.

புழுவின் விலை நியாயமா என்ற விவாதத்தில் நானும் கலந்துகொண்டேன். அந்த இடைவெளியில் பெருஞ்சாலை இரண்டாகப் பிரிந்தது; இடது பக்கம் போகவேண்டிய நாங்கள் வலது பக்கம் போனோம். அரை மணித்தியாலமாக யாருக்கும் அது தெரியாது. பிறகுதான் அந்தப் பெரிய பலகை வந்தது.

“எல்லா ட்றக்குகளும் கட்டாயம் உள்ளே வரவும்” என்று வாசித்தேன்.

“நாங்கள் ட்றக்கோ?” என்று அப்பா கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அப்போது என் வாயில் வராது. “பின்னாலை இழுக்கிறம்தானே. இழுத்தால் ட்றக்தான்.”

“கட்டாயம் எண்டு போட்டிருந்தால் போகத்தான் வேணும்” என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி.

பாரவண்டிகளைச் சோதிக்கும் நிலையம் அது. வீட்டளவு உயரமான இரண்டு லொறிகளுக்கு நடுவில் எங்கள் தேர் போய் நின்றது. அப்பா ரேடியோவை நிறுத்தினார், தொப்பியைக் கழற்றினார், இறங்கினார். யாரும் எங்களை இறங்கச் சொல்லவில்லை. ஆனால் சோதனைச் சாவடியில் என்ன செய்யவேண்டும் என்பது வன்னியிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: வாகனம் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம், சாமான் எல்லாம் வெளியே, அடையாள அட்டைகள் கையில். ஐந்து நிமிடத்துக்குள் கரவனின் மெத்தை, அரிசிப் பை, இடியப்ப உரல், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, சம்பல் இடிக்கும் உரலும் உலக்கையும் தாரில் வரிசையாக இருந்தன. அவற்றின் பக்கத்தில் நாங்கள் மூவரும் உயர வரிசையில் நின்றோம்.

செம்மஞ்சள் மேலாடை போட்ட ஓர் இளம் பெண் அதிகாரி, கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்து, எங்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டார். சோதனைக்குத் தயார் என்று நான் ஆங்கிலத்தில் அறிவித்தேன். அம்மா தன் கைப்பையில் இருந்த அத்தனை பத்திரங்களையும் இரண்டு கைகளாலும் நீட்டினார்: குடியுரிமைக்கு முந்திய நிரந்தர வதிவிட அட்டைகள், சுகாதார அட்டைகள், தடுப்பூசித் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே என் பள்ளி அறிக்கை. அதைவிடப் பெரிய ஆதாரம் வேறு இல்லை என்பது அம்மாவின் நம்பிக்கை.

அதிகாரி மரியாதைக்காக அதை வாசித்தார். புவியியலில் நல்ல புள்ளி என்று என்னைப் பாராட்டினார். இந்தப் பலகை சரக்கு லொறிகளுக்கு மட்டுமே என்றும் விளக்கினார். பிறகு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், மறுபடி அறிக்கையைப் பார்த்தார். அது மற்ற ரோட்டு என்றார், மிகவும் மெதுவாக.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“ஒண்டுமில்லையாம். போகட்டாம்.”

“இவ்வளவு நேரம் கதைச்சது போகச் சொல்லவோ?”

“இங்கிலிசிலை நீட்டித்தான் சொல்லுவினம்” என்று அம்மா எனக்காக வாதாடினார்.

அந்த இடத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒரே தமிழர் நான். என்ன சொன்னாலும் அதுதான் உண்மை. அடுத்த திருப்பத்தில் சத்தமில்லாமல் திருப்பிவிடலாம், மாமாவிடம் வாகன நெரிசல் என்று சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே உரலை எடுத்துக்கொடுக்கத் திரும்பியபோது, அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்ததைக் கண்டேன். அவர் இன்னும் தன் அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நின்றார். நான் வாசித்த ஒரு “கட்டாயம்” அவரை அப்படி நிறுத்தி வைத்திருந்தது.

“அப்பா, நான் பிழை விட்டிட்டன். இந்தப் பலகை எங்களுக்கு இல்லையாம். ரோட்டும் இதில்லையாம். அரை மணித்தியாலமாய்ப் பிழை.”

அப்பா அட்டையை நெஞ்சிலிருந்து இறக்கினார். “அப்ப எங்களை மறிக்கேல்லையோ?”

“இல்லை.”

“இறங்கச் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“சாமான் இறக்கச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அப்பா.”

அவர் சம்பல் உரலைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்து சிரிக்கத் தொடங்கினார். அம்மாவும் சிரித்தார். காரணம் தெரியாமலே அந்த அதிகாரியும் சிரித்தார், நான்தான் அழுதேன். பின்னால் நின்ற லொறிக்காரர் ஒருவர் இறங்கி வந்து மெத்தையைத் தூக்கித் தந்தார். எல்லாம் ஏற்றி முடிந்ததும் அப்பா மாமாவுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை, அதிகாரியிடம் கேட்கவும் இல்லை. வரைபடத்தைத் திரும்ப என் மடியில் விரித்துவிட்டு, “சரி, இப்ப எந்தப் பக்கம்? சொல்லு” என்றார்.

ஏரிக்கரையில் மாமா இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார். “என்ன அத்தான், வழியிலை இருக்கிற கோயிலெல்லாம் கும்பிட்டு வாறியளோ?”

“பிள்ளை எங்களை ஒரு அரசாங்க அலுவலுக்குக் கூட்டிக்கொண்டு போனவள்” என்றார் அப்பா. மிச்சத்தை நானே சொன்னேன். மாமா சிரித்த சிரிப்பில் ஏரிக்கரைத் தாராக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

அந்தக் கரவனை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மடிக்கும் வரைபடங்கள் இப்போது எரிபொருள் நிலையங்களில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு காரிலும் ஒரு கைபேசி வழி சொல்கிறது. அது பச்சைச் சோளத்தையும் காணாமற்போன பூனையையும் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. முன் இருக்கையில் ஒரு பிள்ளை தொண்டை வற்ற வாசிக்கும் சத்தம் எங்கள் ஆட்களின் வான்களிலிருந்து மறைந்துவிட்டது. எங்கள் வண்டியில் மட்டும் கைபேசி பேசி முடித்த பிறகு அப்பா என் பக்கம் திரும்பி, “அவள் சொல்லுறது சரியோ?” என்று கேட்கிறார். எனக்கு எப்போதும் தெரிவதில்லை. இப்போது அதைச் சொல்கிறேன்.

வரும் ஆடியில் ஒரு கரவன் வாடகைக்கு எடுத்து, அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, கியூபெக் வழியாகக் கிழக்குக் கடற்கரை வரை நான் ஓட்டிப் போகிறேன். அங்கே பலகைகள் பிரெஞ்சில். பள்ளியில் படித்த பிரெஞ்சில் நிறங்களும் கிழமை நாட்களும்தான் மிஞ்சியிருந்தன. ஆகவே செவ்வாய் மாலை வகுப்பொன்றில் சேர்ந்தேன். மூன்று பாடங்கள் முடிந்துவிட்டன.