ராஜாமணி பார்க்காத பாதி

ராஜாமணி அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. தன் ஊரான பிரம்மதேசத்தில் பஸ் ஏறுவார். பாதி வழியில் இறங்கி, வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் போவார். திண்டிவனத்தில் நாங்கள் வேலை பார்த்த தனியார் பள்ளியில் அவர் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். நான் டீச்சர். புருஷன் இல்லாத அவர் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

2013 பிப்ரவரி. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு இரண்டே நாள். லேபில் எல்லாமே லினக்ஸ். பிள்ளைகள் எல்லாரும் பயன்படுத்தும் மெயின் கம்ப்யூட்டரில் இடமே இல்லை என்று திரையில் வந்தது. புதியது போட்டிருந்ததால், பிள்ளைகள் அதுவரை புரோகிராம் எழுதிய பழைய மென்பொருளை நீக்கினோம். அப்போதும் இடம் வரவில்லை. மென்பொருள்தான் போயிருந்தது, அது சேர்த்துவைத்த ‘கேஷ்’ என்கிற தற்காலிகக் குப்பையெல்லாம் மறைவான ஒரு ஃபோல்டரில் அப்படியே கிடந்தது.

ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்துத்தான் அழிப்பேன் என்று அக்கா உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாக்கா, பாம்புப் புத்துலயா கை வுடறீங்க? ஜல்தி!” என்றேன்.

“பாதிதான் பாத்திருக்கேன் மிஸ். ஏதாச்சும் தப்பாப் போச்சுன்னா என்னைத் தொரத்திடுவாங்க. பயமா இருக்கு மிஸ்.”

“உங்களோட ஒரே பேஜாரு!”

எனக்குப் பொறுமை ஏது? மவுஸைப் பிடுங்கி, ஃபோல்டரை மொத்தமாக, திரும்ப எடுக்க முடியாதபடி அழித்தேன். இடம் வந்தது. “பாத்தீங்களா?” என்று சிரித்தேன்.

மறுநாள் காலை பிள்ளைகள் தங்கள் புராஜெக்டைத் தேடினார்கள். இல்லை. நாற்பத்திரண்டு பேருடையதும் இல்லை. அந்தப் பாழாய்ப்போன மென்பொருள் அவர்கள் வேலையையும் குப்பையோடு குப்பையாக அதே ஃபோல்டரில்தான் சேமித்திருந்தது, அக்கா பார்க்காத பாதியில். ஒரு பெண் அங்கேயே அழ ஆரம்பித்தாள்.

பிரின்சிபால் வந்தார். “யார் அழிச்சது?”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஐயோ, வேலை போய்விடுமே!

“லேப் சாவி என்கிட்டதாங்க சார் இருக்கு. நான்தாங்க,” என்றார் அக்கா.

பயத்தில் உளறினாரா, என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அக்கா சாவியை மேசைமேல் வைத்தார். போகும்முன், வழக்கம்போல ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அணைத்தார். பிரின்சிபால் வாசலிலேயே நின்றிருந்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.