சாமி விளக்குக்குப் பழைய ஒயர்

இதை எழுத வெட்கப்பட்டே சில வருடங்கள் ஓடிவிட்டன. செஞ்சியில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் புது ஒயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியனைப் பற்றியது. ஒல்லியான மனிதர். எந்த ஒயரை எடுத்தாலும் காதருகே வைத்து வளைத்து, மேல்தோல் நொறுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்.

மிக்சிக்கும் கிரைண்டருக்கும் புது ஒயர் போட்டார். சாமி அலமாரிக்கு மட்டும், கழற்றிய பழைய ஒயரையே நீட்டினேன். "சின்ன பல்புதானே, இது போதும்ப்பா."

அவர் வளைத்தார். மேல்தோல் பொலபொலவென்று உதிர்ந்து செப்புக் கம்பி தெரிந்தது.

"இன்னா அண்ணே, மிக்சிக்குப் புதுசு, சாமிக்குப் பழசா? மிக்சிய நிறுத்திடுவீங்க. இது ராவும் பகலும் எரியுது. வெள்ளிக்கெழமன்னா அண்ணி ஈரத்துணியால தொடைக்கிற எடம் வேற."

அன்று வெள்ளிக்கிழமை. அலமாரியைத் துடைக்க என் மனைவி ஈரத்துணியோடு காத்து நின்றாள். பழைய ஒயரை அவர் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டேன்.

புது ஒயர் போட்டு பல்பை எரியவிட்டார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் கும்பிடக்கூட இல்லை. டெஸ்டரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு போய்விட்டார். அவரை என்னவென்று நினைப்பதென்று இன்றும் தெரியவில்லை.

வெள்ளிதோறும் அவள் துடைக்கிறாள். நான் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இதைச் சொன்னால், சாமிக்குப் பழசை நீட்டியவன் நான்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.