துரைசாணி கேட்ட முட்டை

பங்களாவில் வெள்ளைக்காரத் துரைசாணி காலையில் சாப்பிடும் முட்டை, தட்டைத் தூக்கினால் லேசாக ஆடும். முசிறியிலிருந்து கல்யாணமாகி இந்த இலங்கைத் தேயிலை மலைக்கு வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, “அடுப்பு அணைஞ்சு போச்சா?” என்று என் கணவரிடம் கேட்டேன். அவர்தான் பங்களாச் சமையல்காரர். “அவங்களுக்கு அப்படித்தான் வேணும். நீ பேசாம இரு” என்றார். ஊரில் உங்களுக்கெல்லாம் முட்டை என்றால் என்னவென்று தெரியும். வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, உதிரி உதிரியாக, ஓரம் சிவக்கக் கிளறி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் அது சமையலே இல்லை. நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். பங்களாவுக்குப் பின்னால் சமையலறையை ஒட்டி ஒரு அறை. அதுதான் எங்கள் வீடு. மகள் செல்வி அங்கேதான் பிறந்தாள். அவள் தவழத் தொடங்கிய ஐப்பசி மழையில், மாமனார் இறந்துவிட்டதாக ஊரிலிருந்து தந்தி வந்தது. என் கணவர் மருதை அன்றே ரயிலேறினார். காரியம் முடிந்ததும் திரும்பிவிடுவார் என்றுதான் இருந்தேன். ஆனால் அது, கடல் தாண்டிப் போக ஒரு அனுமதித் தாள், வர ஒரு தாள் என்று சட்டங்கள் மாறிக்கொண்டிருந்த காலம். வருவதற்கான தாள் அவருக்குக் கிடைக்கவில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. அதுவரை பக்கத்துத் தோட்டத்து ஆள் வந்து சமைத்துவிட்டுப் போனார். ஒருநாள் துரையே சமையலறை வாசலுக்கு வந்தார்.

“மருதை எப்ப வரும்?”

“தெரியலைங்க தொர.”

“நீ சமைக்கும்? இல்லாட்டி வேற ஆள் வரும். அந்த ஆளுக்கு ரூம் வேணும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். இடுப்பில் குழந்தையோடு, “சமைப்பேங்க” என்றேன். இந்த அறையை விட்டால் எனக்கு இந்தத் தீவில் ஒரு கூரை கிடையாது.

துரைசாணி நான் வருவதற்குச் சற்று முன்தான் சீமையிலிருந்து வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். முழுகாமல் இருந்தாள், எதைக் கொடுத்தாலும் வாந்தி. அந்த முட்டை ஒன்றுதான் வயிற்றில் தங்கும். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. முதல் நாள் நான் செய்தது தொடாமல் திரும்பி வந்தது. அடுத்த நாளும் அப்படியே. அன்று தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். முட்டையை விரலால் தொட்டுக் காட்டி, “வெட், வெட்” என்றாள். அதற்கென்ன என்று கத்தியை எடுத்து, பொடிப் பொடியாக வெட்டி நீட்டினேன். ஈரமாக வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறாள் என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. தட்டைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விறகுப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள், பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். யாரும் அடித்து, திட்டி வந்த அழுகை இல்லை அது. ராமேஸ்வரத்தில் கப்பல் நகர்ந்தபோது நானும் அப்படித்தான் அழுதேன். என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை நீட்டினேன். அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

எழுந்தவள் முதலில் செய்தது, அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்ததுதான். தணல் மட்டும் போதும். நீங்களும் செய்து பார்ப்பதானால் அதுதான் முதல் விஷயம். மூன்று முட்டையை ஒரு சிட்டிகை உப்போடு மஞ்சளும் வெள்ளையும் தெரியாமல் அடித்துக்கொள்ளுங்கள். சட்டியில் ஒரு கொட்டைப்பாக்களவு வெண்ணெய் உருகட்டும், சிவக்கக் கூடாது. முட்டையை ஊற்றி மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி தட்டுகிறதென்றால் சட்டியைத் தூக்கிவிட்டு, சற்றுப் பொறுத்துத் திரும்ப வையுங்கள். இன்னும் வேகவில்லையே என்று மனசு பதறும். மினுமினுப்பு போகுமுன் இறக்கிவிட வேண்டும். இறக்கியதும் ஒரு கரண்டி பாலேடு விட்டுக் கலக்கினால் சூடு அடங்கி, கூழ்போல நிற்கும். உடனே சாப்பிட்டுவிட வேண்டும். நான் அவசரப்பட்டு விறகைத் தள்ளும்போதெல்லாம் அவள் “நோ, நோ” என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். தூரத்தில் இருக்கிறவரை நினைத்துக்கொண்டு நிதானமாகக் கிளறுவது லேசான காரியமில்லை. செய்ததில் ஒரு வாய் எனக்கும் கொடுத்தாள். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன்.

ஆனால் அறை தப்பியது. நாள் போகப் போக அந்த ருசியும் பிடித்துவிட்டது.

மருதை ஆவணியில் வந்து சேர்ந்தார். மெலிந்து போயிருந்தார். “அங்க வீட்டைப் பாகம் பிரிச்சிட்டாங்க. நம்ம பங்குக்கு வந்த எடத்துல வைக்கோல் போட்டிருக்காங்க” என்றார். நான் செய்த முட்டையை வாயில் போட்டுப் பார்த்து, “நான் செய்றதவிட நல்லாத்தான் இருக்கு” என்றார். முகத்தில் சந்தோஷமில்லை. கையில் குழந்தையோடு வந்த துரைசாணி, முட்டையை மட்டும் நான்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச நாள் நான் அடுப்படிக்குள் வந்தால் அவர் விறகு பிளக்க வெளியே போய்விடுவார். பிறகு சரியாகிவிட்டது.

சில வருடங்கள் ஓடிவிட்டன; இப்போது தோட்டத்தில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: இந்தியாவுக்கே போறதா, இங்கயே இருக்கிறதா? மருதை போய்விடலாம் என்கிறார். நான் எதையாவது கழுவிக்கொண்டிருக்கிறேன். போன தையில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு, அலைந்து தாள் வாங்கி, முசிறி போய் வந்தோம். பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எனக்குள் ஒரு எண்ணம்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, நான் பிறந்த வீட்டு அடுப்பில், எல்லோருக்கும் இந்த முட்டையைச் செய்தேன். அண்ணி சட்டியை எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது, வேகவே இல்ல?”

“இதான் அண்ணி பக்குவம்.”

“உங்க ஊர்ல இப்படித்தான் திங்கிறாங்களா?”

“ஆமா அண்ணி, எங்க ஊர்ல இப்படித்தான்.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். செல்வி தட்டை நீட்டி, “அத்தை, எனக்கு அப்படியே போடுங்க” என்றாள். அவளுக்கு வழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தில் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, அண்ணி சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினார்.

“உனக்கு எதும்மா, இதுவா அதுவா?” என்று கேட்டார்.

செல்வியின் தட்டைப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்தேன். நான் வாய் திறப்பதற்குள் சட்டி அடிப்பிடித்துவிட்டது.